உங்களுக்குத் தெரியுமா? கேம் ஷாஃப்ட் வாங்கும் முன் கியர் பெட்டியைக் கேளுங்கள்

மாத்தளையிலும் தம்புள்ளையிலும் பழைய ஜப்பான் காரொன்றை டிராக் ரேஸுக்குத் தயார்ப்படுத்த ஆசைப்படும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை பாகைக் கேம் போடலாம்?" என்பதைத்தான். பெரிய எண்ணே நல்ல எண் என்று நம்பிப் பணத்தையும் எஞ்சினையும் சேர்த்து இழப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த முறைத் துணுக்குகள் முழுவதும்.

◆ நான்கடிப்பு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு ஏறத்தாழ 67 தடவை திறந்து மூடுகிறது. திறப்பது கேமின் மேடு, மூடுவது ஸ்பிரிங். வால்வு எப்போது திறக்கிறது, எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, எப்போது மூடுகிறது என்ற நான்கும்தான் எஞ்சினின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த நான்கில் கடைசியானதுதான் மிக முக்கியம். ஆனால் அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

◆ சுழலும் தண்டில் மேடு வைத்து இன்னொன்றைத் தூக்கி விழவிடும் உபாயம் எஞ்சினை விட நூற்றாண்டுகள் பழையது. அல் ஜஸரி 1206 இல் முடித்த இயந்திர நூலிலேயே கேம் ஷாஃப்ட் இருக்கிறது.

◆ சிகிரியா விமானத்தளத்துக்கு இரண்டாம் உலகப் போர்க்கால வரலாறு உண்டு. பிரித்தானிய விமானப்படையின் 160 ஆவது அணி 1943–44 இல் இங்கிருந்து லிபரேட்டர் விமானங்களை இந்து சமுத்திரத்தின் மேல் பறக்கவிட்டது. ஒரு லிபரேட்டரில் நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், ஏழு ஏழாக இரண்டு வட்டங்களில். அவற்றில் ஒன்றில்கூடக் கேம் ஷாஃப்ட் கிடையாது. வட்ட எஞ்சினில் தண்டுக்குப் பதிலாக ஒரு கேம் வளையம் சுழலும். ஏழு சிலிண்டர் வட்டத்துக்கு நான்கு மேடுகள் கொண்ட வளையத்தை வைத்து, கிராங்கின் வேகத்தில் எட்டில் ஒரு பங்கில் சுழற்றுவது பழக்கமான ஒரு முறை. ஏழு சிலிண்டர்களின் இன்டேக் வால்வுகளையும் அதே நான்கு மேடுகள் திறந்துவிடும். நம் மாவட்டத்து வானத்தில் ஒரு காலத்தில் இரைந்த எஞ்சின்களுக்குள் இத்தனை அழகான கணக்கு ஓடியிருக்கிறது.

◆ பிஸ்டன் கீழே போய் மீண்டும் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். எடுத்துக்காட்டாக, 280 பாகைக் கேமை (கிராங்க் 280 பாகை சுற்றும்வரை வால்வைத் திறந்து வைத்திருப்பதை) அதன் நடுப்புள்ளி, பிஸ்டனின் உச்சப்புள்ளியான டொப்புக்குப் பின் 106 பாகையில் வரும்படி பொருத்தினால், அடிப்புள்ளிக்குப் பின் 66 பாகையில்தான் வால்வு மூடும். கண்டி பஸ்ஸில் கொண்டக்டர் "போதும்" என்ற பிறகும் பின்னாலிருந்து வரும் தள்ளலில் இன்னும் நாலு பேர் ஏறிவிடுவார்கள் அல்லவா, 7000 சுற்றில் காற்றும் அப்படித்தான் வந்த வேகத்திலேயே உள்ளே ஏறுகிறது. 2500 சுற்றில் அந்தத் தள்ளல் இல்லை. ஏறுகிற பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திரும்ப வெளியே தள்ளிவிடும். பெரிய கேம் போட்ட கார் மெதுவோட்டத்தில் இழுக்காமல் திணறுவதற்கு இதுவே முதற்காரணம்.

இதைக் கொம்ப்ரஷன் கணக்கில் பாருங்கள். டொயோட்டா 4ஏ-ஜிஈ எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 77 மில்லிமீற்றர். கொம்ப்ரஷன் விகிதம் 10 என்று வைத்துக்கொள்வோம். இன்டேக் வால்வு 46 பாகையில் மூடினால் காற்று உண்மையில் அமுக்கப்படுவது ஏறத்தாழ 9 மடங்கு. 66 பாகையில் மூடினால் 8 மடங்குக்கும் சற்றுக் குறைவு. கேமை மட்டும் மாற்றியதில் ஒரு முழுப் புள்ளி பறிபோய்விடுகிறது. ஹெட்டைச் சீவியோ பிஸ்டனை மாற்றியோ அந்தப் புள்ளியை மீட்காதவர் பெரிய கேமுக்குக் கொடுத்த காசில் பாதியை வீணாக்குகிறார். மீட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் நிரப்பு நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பது ஒக்டேன் 92, 95 பெற்றோல்கள்தான்; அளவுக்கு மீறி அமுக்கினால் எஞ்சின் நொக் அடித்துப் பிஸ்டனைத் தின்றுவிடும்.

◆ கேம் பெட்டியில் 264, 272, 288, 304 என்று அச்சிட்டிருக்கும் பாகை எண்களை ஒரு கம்பனிக்கும் இன்னொன்றுக்கும் அப்படியே ஒப்பிட முடியாது. வால்வு இலேசாக அசையத் தொடங்கும் இடத்திலிருந்து ஒருவர் அளப்பார். இன்னொருவர் அளக்கும் தொடக்கப்புள்ளி வேறாக இருக்கும். அமெரிக்கர்கள் ஒப்பிடுவதற்காக 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீற்றர் உயர்வில் அளந்த எண்ணையும் தருகிறார்கள். ஜப்பான் கேம்களுக்கு 1 மில்லிமீற்றர் உயர்வில் அளந்த எண் கிடைக்கும். அந்த எண் இல்லாத கேமை வாங்குவது, என் பார்வையில், கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்.

◆ இனி இந்தப் பத்தியின் தலைப்புக்கு வருவோம். ஏஈ86 கொரோலாவின் டீ50 கியர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 3.587, இரண்டாவது 2.022, மூன்றாவது 1.384, நான்காவது 1.000. முதல் கியரில் 7500 சுற்று வரை இழுத்து இரண்டாவதுக்கு மாற்றுகிறீர்கள். எஞ்சின் எங்கே விழும்? 7500 ஐ 2.022 ஆல் பெருக்கி 3.587 ஆல் வகுத்தால் 4228 வரும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் 5134 இல் விழும். மூன்றிலிருந்து நான்குக்கு 5419.

304 பாகை போன்ற கேம் 1600 சீசீ எஞ்சினில் பொதுவாக 5500 சுற்றுக்கு மேல்தான் விழிக்கும். இரண்டாவது கியருக்கு மாறியதும் எஞ்சின் 4228 இல் விழுந்து, அங்கிருந்து 5500 வரை உயிரில்லாமல் ஏற வேண்டியிருக்கும். கால் மைல் ஓட்டத்தில் இந்த இடத்தில்தான் பக்கத்துக் கார் முன்னால் போய்விடும். டைனோ தாளில் 304 காட்டும் உச்ச வலு 272 காட்டுவதை விட அதிகமாக இருக்கலாம். ஆனால் ஓட்டத்தில் எஞ்சின் உச்சத்தில் நிற்பது கண நேரம். மீதி நேரமெல்லாம் 4200 க்கும் 7500 க்கும் இடையேதான் அலைகிறது. அந்த முழு இடைவெளியிலும் எந்தக் கேம் அதிகம் வேலை செய்கிறதோ அதுவே வெல்லும். நெருக்கமான விகிதங்கள் கொண்ட கியர் பெட்டி இருந்தால் பெரிய கேம் போடுங்கள். கம்பனியில் வந்த பெட்டிதான் என்றால், மனம் ஆசைப்படும் எண்ணுக்கு ஒரு படி கீழே நில்லுங்கள்.

ஒரு கடதாசியையும் பேனாவையும் எடுத்து உங்கள் காரின் விகிதங்களை எழுதிக் கணக்கிட ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் உதிரிப்பாகம் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறாதீர்கள்.

◆ மாத்தளை மாவட்டத்தில் நேர்கோட்டு டிராக் ஓட்டத்தை விடச் செம்மண் ஓட்டத்துக்கே பெயர் அதிகம். விமானப்படையின் ஆதரவுடன் நடந்த சிகிரியா ரலிகுரொஸ் போட்டி நாட்டின் மோட்டார் பந்தய ரசிகர்களுக்குத் தெரிந்த பெயர். அங்கே கார் வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து, கிரவலில் டயர் வழுக்கி, மீண்டும் இழுக்க வேண்டும். களுத்துறை மாவட்டத்தின் கட்டுகுருந்த நேர்ப்பாதையில் ஓடிய அதே கேமை அங்கே கொண்டுவந்தால் வளைவு தோறும் எஞ்சின் தூங்கிவிடும். செம்மண்ணுக்குக் குறைந்த பாகையும் நடுச்சுற்றில் வலுவும் உள்ள கேம் வேண்டும். தார்ப் பாதையில் நேராக ஓட மேற்சுற்றுக் கேம். இரண்டுக்கும் ஒரே கார் என்றால் செம்மண்ணுக்கு ஏற்றதையே போடுங்கள், நேர்ப்பாதையில் இழப்பது கொஞ்சம்தான்.

◆ கட்டுகுருந்த போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்ததும் போர்க்கால ஓடுபாதையில்தான். கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் 1950 இல் முறையான டிராக் ஓட்டம் தொடங்கியதும் ஒரு விமான நிலையத்தின் துணை ஓடுபாதையில். நீளமாக, நேராக, வேலி போட்டு மூடக்கூடியதாக இருக்கும் இடம் உலகெங்கும் விமானப் பாதைதான்.

ஏ9 வீதியின் நேரான துண்டு எதுவும் அப்படிப்பட்ட இடம் அல்ல. பாடசாலைப் பிள்ளைகள் நடக்கும் வீதி அது. சிகிரியாப் பக்கத்துப் பாதைகளில் இருட்டிய பின் யானை நிற்கும். உங்கள் எஞ்சினை மூடிய பாதையில், ஹெல்மட்டும் தீயணைப்பானும் மருத்துவ வண்டியும் உள்ள இடத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

◆ கடல் மட்டத்தில் 30 பாகை வெயிலில் இருக்கும் காற்றை விட, ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்திலுள்ள மாத்தளை நகரின் 28 பாகைக் காற்று 3 முதல் 4 சதவீதம் அடர்த்தி குறைந்தது. 1868 மீற்றரிலுள்ள நுவரெலியாவுக்குப் போனால் குளிரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 16 சதவீதம் குறைந்துவிடும். 1934 இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி நடப்பது அந்த மெல்லிய காற்றில்தான். அங்கே ஓடும் எஞ்சினுக்கு இன்டேக் வால்வு கொஞ்சம் முந்தி மூடுவது நல்லது.

◆ எக்ஸோஸ்ட் வால்வு மூடி முடியும் முன்பே இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் பாகைகள்தான் ஓவர்லெப். கணக்கு எளிது: இரண்டு கேம்களின் பாகைகளின் சராசரியிலிருந்து மேடுகளுக்கிடையிலான கோணத்தின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். இரண்டும் 280, கோணம் 110 என்றால் ஓவர்லெப் 60 பாகை. கோணத்தை 106 ஆக்கினால் 68. டர்போ எஞ்சினில் இவ்வளவு வைத்தால் எக்ஸோஸ்ட் பக்கத்து அழுத்தம் வெந்த வாயுவைத் திரும்ப உள்ளே தள்ளக்கூடும். அதனால்தான் டர்போக்காரர் 112, 114 என்று அகலக் கோணம் தேடுகிறார்கள்.

◆ ஹோண்டா 1989 இல் இன்டெக்ராவில் போட்ட பீ16ஏ எஞ்சினுக்குள் இரண்டு கேம்கள் ஒன்றாக இருக்கின்றன என்று சொன்னால் பிழையில்லை. ஒவ்வொரு சோடி வால்வுக்கும் மூன்று மேடுகள். ஓரத்து இரண்டும் மெதுவோட்டத்துக்கு, நடுமேடு மேற்சுற்றுக்கு. எண்ணெய் அழுத்தம் ஓர் ஊசியைத் தள்ளி ரொக்கர்களைப் பூட்டியதும் நடுமேடு பொறுப்பேற்கும். 1595 சீசீயில் 7600 சுற்றில் 160 குதிரை வலு. பொறியியலாளர் இகுவோ கஜிதானியின் குழு செய்த வேலை. வீட்டுக்கும் பந்தயத்துக்கும் ஒரே கார் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல விடை அந்தக் காலத்தில் கிடைக்கவில்லை.

வால்வு நேரத்தை ஓடும்போதே மாற்றும் எண்ணம் புதியதல்ல. 1880 இல் மாத்தளைக்கு வந்த ரயில் நீராவியில் ஓடியது. நீராவி எஞ்சினின் சாரதி கைநெம்புகோலால் நீராவி நுழையும் அளவை மாற்றுவார். புறப்படும்போது நீண்ட நேரம், வேகம் பிடித்ததும் குறுகிய நேரம்.

◆ யமஹா ஆர்எக்ஸ் 100 இல் கேம் ஷாஃப்ட்டே கிடையாது. ஈரடிப்பு எஞ்சினில் சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்களின் உயரம்தான் கேமின் வேலையைச் செய்கிறது. துவாரத்தை ஒரு மில்லிமீற்றர் அதிகமாகத் தேய்த்துவிட்டால், அதைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

◆ பெரிய கேம் வாங்கியவர் ஹெட்டை இறுக்கும் முன் களிமண் பரீட்சை செய்தே ஆக வேண்டும். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் போதும். பிஸ்டன் தலையில் வால்வுப் பள்ளங்களின் மேல் விரல் தடிப்பில் அதை அப்பி, வால்வில் ஒட்டாதிருக்க மேலே எண்ணெய் தடவுங்கள். பழைய கெஸ்கட்டுடன் ஹெட்டை வைத்துப் போல்ட்டுகளை இறுக்கி, டைமிங் பெல்ட்டைப் போட்டு, டப்பெட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பனர் வைத்துக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று மெல்லச் சுற்றுங்கள். எங்காவது கடினமாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் போட்டால் வால்வு வளையும்.

பிறகு ஹெட்டைத் தூக்கினால் களியில் வால்வின் அரைவட்டத் தடம் தெளிவாகப் பதிந்திருக்கும். பிளேடால் அதன் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளவிடுங்கள். இன்டேக் பக்கம் 2 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீற்றர் இருந்தால் நிம்மதி. எக்ஸோஸ்ட்டுக்குக் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம், அந்த வால்வு சூட்டில் நீளும். மேற்சுற்றில் ஸ்பிரிங் தளர்ந்தால் மேலேறும் பிஸ்டன் அதைத் துரத்திப் பிடித்துவிடும். இரண்டும் மிக நெருங்கும் இடம் வால்வு முழுதாகத் திறந்த இடமல்ல; டொப்புக்கு ஏறத்தாழ 10 பாகை முன்னும் பின்னும். அரை நாள் வேலைதான். இதைத் தவிர்த்தவர்களின் ஹெட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் தலையில் பிறை வடிவத்தில் வெட்டு விழுந்திருக்கும்.

◆ கேமை மாற்றிவிட்டு ஸ்பிரிங்கை மாற்றாவிட்டால், மேற்சுற்றில் வால்வு மேட்டைப் பின்தொடராமல் மிதக்கும். கம்பிச் சுருளே வேண்டாம் என்று ரெனோ நிறுவனம் 1986 இல் போர்மியுலா 1 எஞ்சினில் காற்றழுத்த ஸ்பிரிங் வைத்தது. டுகாட்டியின் ஃபாபியோ டாலியோனி 1956 இலேயே வால்வை மூடுவதற்கும் தனி மேடு வைத்துப் பந்தய மோட்டார் சைக்கிள் செய்துவிட்டார்.

◆ அமெரிக்க டொப் ஃப்யூவல் கார்கள் கால் மைல் ஓடுவதில்லை. 2008 இல் டிராக் ஓட்டக்காரர் ஸ்கொட் கலிட்டா விபத்தில் இறந்த பிறகு அவற்றின் ஓட்டம் 1000 அடியாகக் குறைக்கப்பட்டது. அந்தத் தூரத்தை 4 செக்கனுக்குள் முடிக்கின்றன. எஞ்சின் 8000 சுற்றில் ஓடியதாக வைத்தால் 4 செக்கனில் கிராங்க் 533 சுற்று, கேம் 267 சுற்று. அதாவது ஒரு வால்வு ஒரு முழு ஓட்டத்துக்கும் 267 தடவைதான் திறக்கிறது. அந்தக் கேம் ஷாஃப்ட்டும் மேலே இல்லை, பழைய பாணியில் புளொக்குக்குள் ஒரே தண்டாக இருந்து புஷ்ரொட்டால் வால்வைத் தள்ளுகிறது.

◆ 900 கிலோ எடையும் 130 குதிரை வலுவும் உள்ள கார், டயரும் சாரதியும் நன்றாக இருந்தால், கால் மைலை ஏறத்தாழ 14.4 செக்கனில் ஓடும். டிராக் ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் பழைய சூத்திரம் தரும் விடை இது. அதே காரில் 100 கிலோ குறைத்தால் 13.9. பின் சீற், உதிரிச் சில்லு, தரை விரிப்பு, ஒலிபெருக்கி என்று கழற்றிக் கிடைக்கும் அந்த அரைச் செக்கனை கேமால் பெற வேண்டுமானால் 16 குதிரை வலு கூட்ட வேண்டும். எடை குறைக்கக் காசு போகாது.

◆ 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய எஞ்சினையே திருத்தி ஓட்டப் பழகிய நாடு இது. லேத் பட்டறையில் பழைய கேமைத் தேய்த்துப் பெரிய கேம் ஆக்குவதும் அந்தப் பழக்கத்தில் ஒன்று. மேட்டின் உச்சியை உயர்த்த முடியாது என்பதால் அடிவட்டத்தைக் குறைக்கிறார்கள். உயர்வு கூடும், உண்மைதான். ஆனால் கடினப்படுத்திய மேற்றோலும் சேர்ந்து போய்விடலாம். அடிவட்டம் சுருங்கியதால் டப்பெட் ஷிம்மும் தடிப்பாக வேண்டும். மீண்டும் கடினப்படுத்தித் தரும் இடமென்றால் மட்டும் கொடுங்கள்.

◆ உருளை இல்லாத தட்டை டப்பெட் எஞ்சினில் புதிய கேம் போட்டால் முதல் 20 நிமிடம் 2000 முதல் 2500 சுற்றில் வைத்து ஓட்ட வேண்டும். மெதுவோட்டத்தில் விட்டால் மேட்டுக்கு எண்ணெய் போதாது. துத்தநாகமும் பொஸ்பரசும் கலந்த எண்ணெய் தேவை. புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைக் காக்க இன்றைய சாதாரணக் கார் எண்ணெய்களில் அவற்றைக் குறைத்துவிட்டார்கள்.

◆ றத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் ஏறி இலுக்கும்புர பக்கம் இறங்கும் பாதையைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஓவர்லெப் அதிகமான கேம் மெதுவோட்டத்தில் எஞ்சினின் உறிஞ்சலைக் குறைக்கும். பிரேக் பூஸ்டர் வேலை செய்வது அந்த உறிஞ்சலால்தான். கிளட்ச்சை மிதித்தபடி கொண்டை ஊசி வளைவில் இறங்கி, இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதித்தால் மிதிபலகை கல்லாகிவிடக்கூடும். பந்தயக் கேம் போட்ட காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் போகாதீர்கள்.

◆ ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டில் கேமைப் பற்றிய தீர்ப்பு இருக்கிறது. முதல் 60 அடி, அதாவது 18.3 மீற்றர் கடந்த நேரத்தையும் கடைசியில் கோட்டைக் கடந்த வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். புதிய கேமால் கடைசி வேகம் கூடி, 60 அடி நேரமும் மொத்த நேரமும் மோசமாகியிருந்தால், எஞ்சினில் வலு இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் அது வரவில்லை. கேமைக் கழற்றி விற்க ஓட வேண்டாம். சரிசெய்யக்கூடிய கேம் புல்லி இருந்தால் இன்டேக் கேமை 4 பாகை முன்னே நகர்த்துங்கள். 66 இல் மூடிய வால்வு 62 இல் மூடும். கீழ்ச்சுற்றில் இழுவை திரும்பும். நகர்த்தியதும் இன்டேக் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கிவிடும் என்பதால் களிமண் அளவை மீண்டும் எடுத்துவிட்டுத்தான் அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும்.